கல்லாக உறைந்த மணற்குன்றுகள்

மாணவ நண்பர்களே, மேற்கு அமெரிக்காவில் உள்ள கொலராடோ பீடபூமிக்கு ஒரு கார்ப் பயணம் போய் வருவோமா? யூட்டா, கொலராடோ, அரிசோனா, நியூ மெக்சிகோ என்னும் நான்கு மாநிலங்களிலும் பரந்து கிடக்கும் வறண்ட மேட்டுநிலம் அது. நாம் போகப்போவது யூட்டாவில் உள்ள மோவாப் நகரிலிருந்து பிரைஸ் ஆழ்பள்ளத்தாக்கு வரை. புறப்படுமுன் ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வீதம் தண்ணீர் ஏற்றிக்கொள்ளுங்கள். வழியில் நெடுந்தூரம் ஊரும் இல்லை, பெட்ரோல் பங்க்கும் இல்லை.

உப்பு எழுப்பிய வளைவுகள்

மோவாபுக்கு அருகிலேயே ஆர்ச்சஸ் தேசியப் பூங்கா இருக்கிறது. இங்கே இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பாறை வளைவுகள் உள்ளன. இவற்றைச் செதுக்கிய சிற்பி யார்?

சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த கடல், வற்றியபோதெல்லாம் உப்பை விட்டுச் சென்றது. அந்த உப்பின் மீது பிற்காலத்தில் பாறை அடுக்குகள் படிந்தன. பெரும் சுமை அழுத்தும்போது உப்பு மெல்ல மெல்ல நகரும். அப்படி நகர்ந்து ஓரிடத்தில் புடைத்தபோது, மேலிருந்த மணற்கல் வரிசை வரிசையாக விரிசல் கண்டது. விரிசலில் புகுந்த நீர் குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, கல்லைப் பிளந்தது. மெல்லிய சுவர்களாக நின்ற பாறையில் ஓட்டை விழுந்தது, ஓட்டை வளைவாயிற்று.

இந்த வேலை இன்னும் முடியவில்லை. 1991-ல் 'லேண்ட்ஸ்கேப் ஆர்ச்' என்னும் நீண்ட வளைவிலிருந்து ஒரு பெரும் பாளம் பெயர்ந்து விழுந்தது. 2008 ஆகஸ்டில் 'வால் ஆர்ச்' ஓர் இரவில் முழுவதுமாக இடிந்தது.

காற்று எழுதிய கோடுகள்

மேற்கே திரும்பி, ஹாங்க்ஸ்வில் என்னும் சிற்றூரைக் கடந்தால் கேபிட்டல் ரீஃப் வரும். இங்கே ஏறத்தாழ 160 கிலோ மீட்டர் நீளத்துக்குப் பூமியின் மேலோடு மடிந்து கிடக்கிறது. வெண்ணிறக் குவிமாடங்களாக நிற்கும் பாறையை உற்றுப் பாருங்கள். சாய்ந்த கோடுகள் தெரிகின்றனவா? சுமார் 19 கோடி ஆண்டுகளுக்கு முன் இவை மணற்குன்றுகள்! காற்று அடித்த திசையில் மணல் சரிந்து படிந்த சாய்வே அந்தக் கோடுகள். அன்று காற்று எத்திசையில் வீசியது என்பதை நிலவியலார் இவற்றைக் கொண்டே கணிக்கின்றனர். அருகிலுள்ள சிவப்புப் பாறைகளுக்கு நிறம் தருவது, துருப்பிடித்த ஆணியில் நீங்கள் காணும் அதே இரும்பு ஆக்சைடு.

பாறைக் குழிகளில் மழைநீர் தேங்கினால் இன்னொரு வியப்பு. இறாலின் உறவினமான சிற்றுயிர்கள் அதில் நீந்தும். குழி வற்றியபின் அவற்றின் முட்டைகள் ஆண்டுக்கணக்கில் புழுதியில் உலர்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரிக்கின்றன. பாதையோரம் கறுப்பாக, பொருக்குத் தட்டியதுபோல் தெரியும் மண்ணையும் மிதித்துவிடாதீர்கள். நுண்ணுயிர்கள் மணலைப் பிணைத்து உண்டாக்கிய அந்தப் பொருக்கு ஒரு காலடியில் நொறுங்கும். மீண்டும் வளரப் பல பத்தாண்டுகள் ஆகும்.

நீல வானத்தின் கீழே வெள்ளம்

டோரி என்னும் ஊரில் தெற்கே திரும்பினால் 12-ஆம் எண் நெடுஞ்சாலை. போல்டர் என்ற ஊருக்கு அருகே இருபுறமும் கிடுகிடு பள்ளம், நடுவே ஒரு குறுகிய முகடு, அதன்மேல் சாலை! இந்தப் போல்டருக்கு 1940-கள் வரை தபால் கோவேறு கழுதையின் முதுகில்தான் வந்தது.

அடுத்து வரும் எஸ்கலாண்டே பகுதியில், ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நுழையக்கூடிய அளவு குறுகிய பிளவுகள் உண்டு. அழகானவை; ஆனால் ஆபத்தானவை. ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே குறைவான நாட்டில் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்களா?

இதே பீடபூமியின் தெற்கே, அரிசோனாவில் உள்ள ஆன்டிலோப் பள்ளத்தாக்கில் 1997 ஆகஸ்ட் 12 அன்று 11 பயணிகள் வெள்ளத்தில் மாண்டனர். மழை கொட்டியதோ பல கிலோ மீட்டர் தொலைவில்! வெற்றுப் பாறை நீரை உறிஞ்சாது. தடுக்கப் புல்லும் மரமும் இல்லை. எனவே பரந்த நிலத்தில் விழுந்த நீர் முழுவதும் ஒரே பிளவுக்குள் திரண்டு பாய்ந்தது. அகலம் குறுகியதால் நீர்மட்டம் மளமளவென உயர்ந்தது. பக்கச் சுவர்களோ செங்குத்தானவை. ஏறித் தப்ப வழியில்லை. அதன்பின் அங்கே நிலையான இரும்பு ஏணிகள் பொருத்தப்பட்டன.

ஆகவே, பிளவுக்குள் நுழையுமுன் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்தால் மட்டும் போதாது. நீர் வந்து சேரும் மேட்டுநிலம் முழுவதற்குமான வானிலை அறிவிப்பைக் கேட்டறிய வேண்டும். அழகிய அந்தப் பிளவுகளைக் குடைந்ததும் இதே வெள்ளம்தான் என்பதை மறவாதீர்கள்.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு தட்டுகளைச் சற்றே சாய்த்து வையுங்கள். ஒன்றில் உலர்ந்த மணலை மூன்று விரற்கடை உயரத்துக்குப் பரப்புங்கள். மற்றதை வெறுமையாக விடுங்கள். இரண்டின் மேல் விளிம்பிலும் ஒரு குவளை நீரை மெதுவாக ஊற்றுங்கள். நீர் கீழ் விளிம்பை அடைய எவ்வளவு நேரம் ஆயிற்று? எவ்வளவு நீர் வந்து சேர்ந்தது? குறித்துக்கொள்ளுங்கள். பாலைவனத்து வெள்ளத்தின் வேகம் உங்களுக்கே விளங்கும்.