லாட்ஜ் கம்ப்யூட்டருக்கும் டார்க் வெப்புக்கும் என்ன சம்பந்தம்?

பௌர்ணமிக்கு முன்னாலேயே திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால் லாட்ஜ்களுக்கு ஆதார் போட்டோக்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவியும். கிரிவலம் முடித்து ஆள் ஊர் போய்ச் சேர்ந்து வருஷமானாலும், போட்டோ மட்டும் ரிசப்ஷன் கம்ப்யூட்டரின் டவுன்லோட்ஸில் கிடக்கும். "நம்மகிட்ட திருட என்ன இருக்கு?" என்று கேட்கும் முதலாளி முதலில் அங்கே பார்க்கட்டும்.

பழைய தகவலுக்கும் விலை உண்டு. 2022 டிசம்பரில், திருப்பூர் ஸ்ரீ சரண் மெடிக்கல் சென்டரின் சுமார் ஒன்றரை லட்சம் நோயாளிகளின் விவரங்கள் விலைக்கு வந்திருப்பதாக சைபர் பாதுகாப்பு நிறுவனமான கிளவுட்செக் தெரிவித்தது. பெயர், பிறந்த தேதி, முகவரி, டாக்டர் விவரம் என எல்லாமே 2007 முதல் 2011 வரையிலான பழைய பதிவுகள். ஒரு பிரதி 100 டாலர். தனக்கு மட்டும் வேண்டுமென்றால் 300. வாங்கி மறுபடி விற்பதானால் 400. திருட்டுச் சரக்கிலும் ஏஜென்சி ரேட்! இத்தனைக்கும் டோர் பிரவுசர் போட்டு டார்க் வெப் என்ற இருட்டுச் சந்தைக்குள் நுழைய வேண்டியதில்லை, டெலிகிராமிலேயே விற்றார்கள். தகவல் கசிந்தது மருத்துவமனையிலிருந்து அல்ல, வெளி ஐடி நிறுவனம் ஒன்றின் வழியாக என்பது கிளவுட்செக்கின் கணிப்பு.

எனக்கு உறுத்துவது இந்த இடம்தான். நம் ஊரில் பில்லிங் சாஃப்ட்வேர் போட்டவர், தூரத்திலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் எனிடெஸ்க் வழியாக எப்போது வேண்டுமானாலும் உள்ளே வருவார். பாஸ்வேர்டு மானிட்டர் ஓரத்தில் ஒட்டியிருக்கும். அதே பாஸ்வேர்டுதான் ஜிஎஸ்டி போர்ட்டலுக்கும். ஒன்று கசிந்தால் மற்றதிலும் போட்டுப் பார்ப்பார்கள்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சாஃப்ட்வேர்காரர் கோட்டை விட்டாலும் பதில் சொல்ல வேண்டியவர் தகவலை வாங்கிய முதலாளியே. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து அமலாகின்றன. கசிவு நடந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்கும் சொல்லியாக வேண்டும். மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தகவல் தர வேண்டும் என்ற உத்தரவு 2022 முதலே இருக்கிறது.

வேலை முடிந்த ஆதார் போட்டோக்களை அழியுங்கள். எனிடெஸ்க்கைத் தேவைப்படும்போது மட்டும் திறந்துவிடுங்கள். மெயிலுக்கு ஓடிபி பூட்டு போடுங்கள். பேக்கப் ஹார்டு டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே செருகி வைக்காதீர்கள். வாடிக்கையாளரும் கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுக்கலாம். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930. மற்றபடி மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையம்.

பணம் கொடுத்தால் டார்க் வெப்பிலிருந்து உங்கள் தகவலை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது போன் செய்தால், கட் செய்துவிடுங்கள். பிரதி எத்தனை பேரிடம் போனதென்று விற்றவனுக்கே தெரியாது.