பெயர் வரிசையில் நிற்கட்டும், பிள்ளை நிற்க வேண்டாம்

புத்தளத்திலிருந்து பாலாவி, நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டி வரை நீண்டு கிடக்கும் நமது கரையோரக் கிராமங்களில், பாடசாலை விடும் நேரத்தில் ஒரு தெருவைக் கடந்து பாருங்கள். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் கூட்டமாக வீடு திரும்புவார்கள். அதே தெருவில் ஏதாவதொரு வீட்டின் உள்ளறையில், பாயில் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையும் இருக்கும். ஐந்து வயதாகியும் நடக்கவில்லை. அல்லது பேச்சு வரவில்லை. விருந்தாளிகள் வந்தால் அறைக் கதவு சாத்தப்படும். "வளர வளரச் சரியாகிவிடும்" என்பார் மூத்தும்மா. "குமரைப் பெண் கேட்டு வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ" என்று கவலைப்படுவார் உம்மா.

அந்த வீட்டில் அன்புக்குக் குறைவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையின் பெயர் கிராம உத்தியோகத்தரின் பதிவிலும் இல்லை, பிரதேச செயலகத்தின் பட்டியலிலும் இல்லை. இதைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச வேண்டும்.

மறைக்க வேண்டிய விடயமா இது? கண் பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை நாம் அறிவோம். "அபஸ" அத்தியாயம் இறங்கியது அவர் காரணமாகத்தான். அவரை நபி (ஸல்) அவர்கள் முஅத்தினாக வைத்தார்கள். மதீனாவை விட்டு வெளியே சென்ற வேளைகளில் ஊர்ப் பொறுப்பையும் அவரிடம் கொடுத்தார்கள். சபையின் நடுவே இருந்த ஒருவரைப் போன்ற பிள்ளையை நாம் ஏன் கதவுக்குப் பின்னால் வைக்கிறோம்?

பட்டியல் ஏன் நீளுகிறது?

வருமானம் குறைந்த குடும்பங்களில் உள்ள மாற்றுத்திறனாளிகளுக்கு அரசாங்கம் மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றை வழங்கி வருகிறது. நெடுங்காலம் அது 3,000 ரூபாவாக இருந்தது. 2019ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவாக உயர்த்தப்பட்டு, 72,000 பேருக்கென நிதி ஒதுக்கப்பட்டது. பின்னர் 7,500 ரூபாவாகியது. 2025ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம் அதனை 10,000 ரூபாவாக்கியது.

தொகை உயர்ந்தது நல்ல செய்தியே. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இந்தப் பணம் கேட்பவர் அனைவருக்கும் என்று ஒதுக்கப்படுவதில்லை. இத்தனை பேருக்கு என்று கணக்கிட்டே ஒதுக்கப்படுகிறது. தகுதி இருந்தும் அந்தக் கணக்குக்குள் வராதவர்கள் காத்திருப்போர் பட்டியலில் எழுதப்படுகிறார்கள். 2020 மார்ச் மாத இறுதியில், கொரோனா ஊரடங்குக் காலத்தில், 5,000 ரூபா நிவாரணம் கொடுப்பதற்காக அரசாங்கம் ஒரு கணக்கை வெளியிட்டது. அதன்படி கொடுப்பனவு பெற்றுக்கொண்டிருந்த மாற்றுத்திறனாளிகள் சுமார் 84,000 பேர். காத்திருந்தவர்கள் சுமார் 35,000 பேர். அதாவது அப்போது பத்துப் பேர் என்றால் ஏழு பேர் பெற்றார்கள், மூன்று பேர் காத்திருந்தார்கள். இந்தப் பத்துப் பேரும் பெயர் கொடுத்தவர்கள். 2012ஆம் ஆண்டு சனத்தொகைக் கணக்கெடுப்போ, பார்த்தல், கேட்டல், நடத்தல் போன்றவற்றில் ஏதோவொரு சிரமம் உள்ளவர்கள் ஐந்து வயதுக்கு மேல் 16 இலட்சம் பேர் என்று கூறியது. அவர்கள் எல்லோருக்கும் கொடுப்பனவு தேவைப்படாதிருக்கலாம். ஆனாலும் பெயரே கொடுக்காதவர்கள் எத்தனை பேர் என்று யோசித்துப் பாருங்கள்.

பிள்ளைக்கு இரண்டு வயதில் பெயர் கொடுத்த தாயும், எட்டு வயதில் பெயர் கொடுத்த தாயும் ஒரே பட்டியலில்தான் நிற்கிறார்கள். தயங்கிய ஆறு ஆண்டுகளை எந்த அதிகாரியும் திருப்பித் தர முடியாது. ஆகவே முதல் வேலை, பெயரைக் கொடுப்பது.

எங்கே, எப்படி?

முதலில் உங்கள் கிராம உத்தியோகத்தரிடம் செல்லுங்கள். அதன்பின் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் காணுங்கள். பிள்ளையின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், பெற்றோரின் அடையாள அட்டை, அரச வைத்தியரின் அத்தாட்சி, குடும்ப வருமான விபரம் ஆகியவை பொதுவாகக் கேட்கப்படும். அஸ்வெசும வேறு, இந்தக் கொடுப்பனவு வேறு. ஒன்றுக்கு விண்ணப்பித்தால் மற்றதற்கும் விண்ணப்பித்ததாகிவிடும் என்று இருந்துவிடாதீர்கள். சக்கர நாற்காலி, காது கேட்கும் கருவி, மருத்துவ உதவி, வீடு திருத்த உதவி போன்றவற்றையும் அதே உத்தியோகத்தரிடமே விசாரிக்கலாம்.

கொடுக்கும் ஒவ்வொரு கடதாசிக்கும் ஒரு பிரதி வீட்டில் இருக்க வேண்டும். கொடுத்த திகதியையும் கோப்பு இலக்கத்தையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். உத்தியோகத்தர்கள் இடம் மாறிப் போவார்கள். உங்கள் கொப்பி மாறாது.

படிவமோ கடிதமோ சிங்களத்தில் மட்டும் தந்தால் கலங்க வேண்டாம். தமிழில் கேட்டுப் பெறும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்குத் தந்திருக்கிறது. விளங்காத கடதாசியில் கையொப்பம் வைக்காதீர்கள்.

ஆண்டுக்கணக்கில் பதில் இல்லையென்றால்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. "என் பிள்ளையின் விண்ணப்பம் எந்த நிலையில் உள்ளது? காத்திருப்போர் பட்டியலில் எத்தனையாவது இடம்?" என்று பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதிக் கொடுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று அவர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு கூற வேண்டும். இது சண்டை அல்ல; சட்டம் தந்த கேள்வி.

வடக்கிலிருந்து வந்த சகோதரிகளுக்கு

1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களில் பெரும்பாலானோர் வந்து சேர்ந்தது இந்தப் புத்தளம் மாவட்டத்துக்குத்தான். 2009இல் யுத்தம் முடிந்த பின் பலர் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பதிவை மாற்றினார்கள். காணி அங்கே, பிள்ளைகளின் படிப்பும் வாப்பாவின் தொழிலும் இங்கே என்று இரண்டு ஊரிலும் கால் வைத்து வாழும் குடும்பங்கள் இன்றும் உண்டு.

அத்தகைய வீட்டில் விசேட தேவையுடைய பிள்ளை இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பதிவு ஓர் ஊரில், பிள்ளை இன்னோர் ஊரில் என்றால், "அங்கே கேளுங்கள்" என்று இங்கேயும், "இங்கே இல்லையே" என்று அங்கேயும் சொல்லப்படலாம். குடும்பம் எங்கே நிலையாக இருக்கப்போகிறது என்பதை வீட்டில் கூடிப் பேசி, ஓரிடத்தில் பதிவை உறுதி செய்யுங்கள். இடம் மாறுவதாயின், பழைய பிரதேச செயலகத்திலிருந்து பிள்ளையின் கோப்பு விபரத்தை எழுத்தில் வாங்காமல் புறப்படாதீர்கள்.

காத்திருக்கும் காலத்தில்

பெயர் பட்டியலில் ஏறிவிட்டது. பணம் வரும்போது வரட்டும். ஆனால் பிள்ளையின் கைகால்களும் மூளையும் பட்டியலுக்காகக் காத்திருப்பதில்லை. முதல் சில ஆண்டுகளில் கொடுக்கும் பயிற்சிக்கு உள்ள பலன் பின்னர் அவ்வளவு எளிதில் கிடைக்காது.

நான்கு மாதமாகியும் தலை நிற்கவில்லை, ஒன்பது மாதமாகியும் உட்காரவில்லை, ஒன்றரை வயதாகியும் நடக்கவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால், மருத்துவமாதுவிடம் அன்றே சொல்லுங்கள். பிறந்ததும் தரப்படும் சுகாதாரப் பதிவேடு தடுப்பூசிக்கு மட்டுமானதல்ல. பிள்ளையின் வளர்ச்சியையும் அதில் குறிக்கிறார்கள்.

அரச ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பணம் இல்லை. புத்தளம், சிலாபம் ஆஸ்பத்திரிகளில் தொடங்கலாம். தேவையானால் கொழும்பு லேடி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சியாளர்களை உருவாக்கும் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடம் ராகமையில் இருக்கிறது. மாற்றுத்திறன் சிறுவர்களுக்கான "ஆயதி" நிலையமும் அங்கேதான். பயணம் நீளமானது, ஒரு நாள் கூலி போய்விடும் என்பது உண்மை. எனவே போகும்போதே, "வீட்டில் நான் தினமும் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டுப் பழகி வாருங்கள். மாதத்தில் ஒரு நாள் அங்கே செய்வதை விட, தினமும் அரை மணி நேரம் வீட்டில் செய்வது பிள்ளைக்குப் பெரிது.

பாடசாலையையும் கேளுங்கள். 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறன் காரணமாக எவரையும் கல்வி நிறுவனத்தில் சேர்ப்பதில் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. 2016 முதல் ஐந்து வயது தொடக்கம் பதினாறு வயது வரை கல்வி கட்டாயம். அது உங்கள் பிள்ளைக்கும் சேர்த்துத்தான். விசேட கல்விப் பிரிவு எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்பதை வலயக் கல்விப் பணிமனையில் விசாரியுங்கள். இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதற்காக மூத்த மகளைப் பாடசாலையிலிருந்து நிறுத்திவிடாதீர்கள். ஒரு பிள்ளையின் கஷ்டம் இரு பிள்ளைகளின் இழப்பாகிவிடும்.

அயல் வீட்டுச் சகோதரிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. "பாவம்" என்று சொல்லிக் கடந்து போவதைவிட, கிளினிக் நாளில் அந்தத் தாயின் மற்றப் பிள்ளைகளை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். பள்ளிவாசல் நிர்வாகத்தில் உங்கள் வீட்டு ஆண்கள் இருந்தால், ஜகாத் நிதி பங்கிடும்போது இந்த வீடுகளின் பயணச் செலவையும் நினைவூட்டுங்கள். பட்டியலில் இடம் வரும்வரை தாங்குவது ஊரின் கடமையல்லவா?

பிள்ளை அல்லாஹ் தந்த அமானிதம். இந்த வாரமே அறைக் கதவைத் திறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிராம உத்தியோகத்தரிடம் போய்ப் பெயரைப் பதியுங்கள். திரும்பி வந்ததும் கொப்பியில் முதல் திகதியை எழுதுங்கள். பிறகு பாயை விரித்து, கற்றுத்தந்த பயிற்சியைத் தொடங்குங்கள்.