எம்.ஐ.டி.யை வென்ற ஏழைப் பிள்ளைகள்

800 டாலர் யந்திரம் செய்த அதிசயம்

அமெரிக்காவில் அரிஸோனா ராஜ்யத்தின் தலைநகர் பீனிக்ஸ். சுற்றிலும் பாலைவனம். கடலுக்கும் அந்த ஊருக்கும் வெகு தூரம். அங்குள்ள கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் நால்வர், 2004-ம் ஆண்டில் தண்ணீருக்கு அடியில் வேலை செய்யும் 'ரோபாட்' ஒன்றைச் செய்தார்கள். அது, உலகப் புகழ் பெற்ற எம்.ஐ.டி. கல்லூரியின் யந்திரத்தையே தோற்கடித்தது!

நால்வரும் மெக்ஸிகோவிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள். உரிய பத்திரம் இல்லாமல் எல்லை தாண்டி வந்த குடும்பங்கள் அவை. எந்த நேரமும் "வெளியே போ" என்று சர்க்கார் சொல்லலாம்.

தோற்றாலும் கௌரவம்

பிரெடி லஜ்வர்தி, ஆலன் கேமரூன் என்ற இரு ஆசிரியர்கள் அவர்களுக்கு வழி காட்டினர். போட்டி, கலிபோர்னியாவில் ஸாண்டா பார்பரா நகரில் நடந்தது. பள்ளிகளுக்குத் தனிப் பிரிவு இருந்தும், கல்லூரிகள் மோதும் பிரிவிலேயே பெயர் கொடுத்தனர். பள்ளிகளிடம் தோற்றால்தானே அவமானம்? கல்லூரிகளிடம் தோற்றால் யார் குறை சொல்வார்கள்?

கையில் இருந்தது சுமார் 800 டாலர். எம்.ஐ.டி.க்கோ ஒரு பெரிய எண்ணெய்க் கம்பெனியின் உதவி இருந்தது.

நாற்றக்காரன்

வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்கு உதவும் பி.வி.சி. குழாய்களை வெட்டி ஒட்டிச் சட்டம் அமைத்தார்கள். குழாய்க்குள் அடைபட்ட காற்று யந்திரத்தை மேலே தூக்கும். பாட்டரியின் கனம் கீழே இழுக்கும். இரண்டும் சமமானால் யந்திரம் மூழ்காது, மிதக்காது. நிறுத்திய இடத்தில் நிற்கும். பாட்டரி யந்திரத்திலேயே இருந்ததால், கரையிலிருந்து கனத்த மின்சாரக் கம்பி இழுக்க வேண்டியிருக்கவில்லை. தூரத்தை அளக்க லேஸர் ஒளிக் கருவி. ஒட்டிய பசையின் நெடி தாங்க முடியவில்லை. ஆகவே 'ஸ்டிங்கி', அதாவது நாற்றக்காரன், என்று பெயர் வைத்தார்கள்.

கசிந்த பெட்டி

போட்டிக்கு முன் நடந்த ஒத்திகையில் வந்தது சோதனை. மின்சாரக் கருவிகள் இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. ஒரு துளி பட்டாலும் எல்லாம் பாழ்! இரவெல்லாம் கண் விழித்துக் கம்பிகளைப் பற்றவைத்தார்கள். கசிவுக்கு என்ன செய்வது? மாதவிலக்கின்போது பெண்கள் உபயோகிக்கும், ஈரம் உறிஞ்சும் பஞ்சை ஒரு மாணவர் கடையில் வாங்கி வந்தார். அதைப் பெட்டிக்குள் வைத்தார்கள். கசிந்த நீரைப் பஞ்சு குடித்தது, கருவிகள் பிழைத்தன.

யந்திரம் நீந்தினால் மட்டும் போதாது. நிபுணர்கள் கேள்வி மேல் கேள்வி போட்டனர். மின்சாரத்தைத் துண்டு துண்டாக விட்டு மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் முறையைப் பையன்கள் தடங்கலின்றி விளக்கினர். முடிவில் முதல் பரிசு கார்ல் ஹேடன் பள்ளிக்கு! எம்.ஐ.டி.க்கு இரண்டாம் இடம்.

வெற்றிக்குப் பின்

வெற்றி வந்தது, பத்திரம் வரவில்லை. பத்திரமில்லாத மாணவர் உள்ளூர்க்காரருக்கு உரிய குறைந்த கட்டணத்தில் படிக்க முடியாது என 2006-ல் அரிஸோனா வாக்காளர் சட்டம் செய்தனர். நால்வரில் ஒருவர் கல்லூரிப் படிப்பை நடுவில் விட்டார்.

ஆஸ்கார் வாஸ்குவெஸ் மட்டும் விடாமல் படித்து, 2009-ல் இயந்திரப் பொறியியல் பட்டம் பெற்றார். பிறகு தாமாகவே மெக்ஸிகோ திரும்பி, முறைப்படி அனுமதி கேட்டார். முதலில் மறுப்பு, 2010-ல் அனுமதி. பிறகு அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்து ஆப்கானிஸ்தானில் பணி புரிந்தார். குடியுரிமையும் பெற்றார்.

இவர்கள் கதை 2015-ல் சினிமாவாகவும் வந்தது. விலை உயர்ந்த கருவிகள் இருந்தால்தான் விஞ்ஞானம் வரும் என்பதில்லை. பள்ளிக்கூடத்து மேஜையும், குழாய்த் துண்டும், கூட நின்று சொல்லித்தர ஆசிரியரும் இருந்தால் போதும். ஆனால் கற்ற கல்விக்குக் கதவு திறப்பது நாட்டின் கையில் இருக்கிறது.