ஆராய்ச்சிக்கு அறக்காவல் வேண்டுமா?

ஒரு மருந்து நோயைத் தடுக்குமா என்று அறிய வேண்டுமானால், முடிவில் அதை மனிதருக்கே கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. எலியிடம் கண்ட பயன் மனிதனிடமும் காணப்படும் என்று உறுதி கூற இயலாது. ஆனால் மனிதன் தன் உடலில் பிறர் சோதனை நடத்த இசையவும் மறுக்கவும் உரிமை உடையவன். அந்த உரிமையைக் காப்பதற்கென மருத்துவமனைகளிலும் பல்கலைக்கழகங்களிலும் அறநெறிக் குழுக்கள் அமைந்துள்ளன. ஆராய்ச்சித் திட்டத்தை முன்கூட்டியே படித்து, தீங்கு எவ்வளவு, பயன் எவ்வளவு, பங்கு பெறுவோர் விவரம் அறிந்து சம்மதிக்கிறார்களா என்று ஆராய்ந்து அனுமதி தருவதோ மறுப்பதோ இக்குழுக்களின் பணி. இவற்றால் நன்மையும் உண்டு, இடையூறும் உண்டு. சிங்கப்பூரில் நடந்தவற்றைக் கொண்டே இரண்டையும் நோக்கலாம்.

குழுக்கள் தோன்றிய காரணம்

இரண்டாம் உலகப் போரின்போது நாஜி மருத்துவர்கள் கைதிகள்மீது கொடிய சோதனைகள் நடத்தினர். அவர்களை விசாரித்த நூரம்பர்க் நீதிமன்றம் 1947ல் பத்து நெறிகளை வகுத்தது. மனமுவந்த சம்மதம் இன்றியமையாதது என்பதே அவற்றுள் முதலாவது. 1964ல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. எனினும் அமெரிக்காவின் டஸ்கீகி வட்டாரத்தில், மேகநோய் கண்ட ஏழைக் கறுப்பின ஆண்களுக்குப் பென்சிலின் கிடைத்த பின்னும் அது கொடுக்கப்படவில்லை. நோயின் போக்கைக் காண்பதற்காக 1932 முதல் 1972 வரை அவர்கள் வெறுமனே கவனிக்கப்பட்டு வந்தனர். இது வெளியானதும் அமெரிக்கா 1974ல் அறநெறிக் குழுக்களைச் சட்டமாக்கியது.

சிங்கப்பூர் கற்ற பாடம்

சிங்கப்பூரின் தேசிய நரம்பியல் நிலையத்தில் பார்க்கின்சன் எனும் நடுக்கநோய் கொண்டவர்களிடம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. அத்திட்டம் அறநெறிக் குழுவின் அனுமதி பெற்றே தொடங்கியது. ஆயினும் 2003ல் விசாரணைக் குழு கண்டவை வேறாயின. சிகிச்சை அளித்துவந்த மருத்துவர்களுக்குத் தெரியாமலே நோயாளிகளின் விவரங்கள் பெறப்பட்டன என்றும், அவர்கள் உண்டுவந்த மருந்து சோதனைக்காக மாற்றப்பட்டது என்றும் அது கூறியது. நிலையத்தின் இயக்குநர் பதவி இழந்தார். சிங்கப்பூர் மருத்துவ மன்றம் 2004ல் அவரைக் குற்றவாளி எனத் தீர்த்தது. பிரிட்டிஷ் மருத்துவ மன்றமோ வழக்கை மேலே கொண்டுசெல்லவில்லை. கருத்து எவ்வாறு பிளவுபட்டாலும், ஏட்டில் பெற்ற அனுமதி மட்டும் நோயாளியைக் காக்காது என்பது அன்று தெளிவாயிற்று.

உயிர்மருத்துவ அறநெறி ஆலோசனைக் குழு 2004ல் வழிமுறைகளை வெளியிட்டது. 2015ல் மனித உயிர்மருத்துவ ஆராய்ச்சிச் சட்டம் நிறைவேறியது. ஆலோசனையாக இருந்தது கடமையாயிற்று.

விடுதிக்குள் ஒரு சோதனை

2020ல் கோவிட் நோய் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் பரவியது. செம்பவாங் வட்டாரத்துக் காக்ரேன் லாட்ஜ் உட்படப் பல விடுதிகள் ஏப்ரலில் தனிமைப்படுத்தப்பட்ட இடங்களாக அறிவிக்கப்பட்டன. தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்கள் வெளியே செல்ல வழியின்றி அடைபட்டனர்.

அக்காலத்தில், ஒரு பெரிய விடுதியில் அறநெறிக் குழுவின் அனுமதியோடு தடுப்பு மருந்துச் சோதனை நடைபெற்றது. தொற்று காணாத 3,037 ஆண்கள் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, 42 நாள் கவனிக்கப்பட்டனர். ஒருவரையும் வெறுங்கையோடு விடாமல், ஒப்பீட்டுப் பிரிவினருக்கும் வைட்டமின் சி கொடுக்கப்பட்டது. எனினும் 1,681 பேருக்கு நோய் தொற்றியது. வைட்டமின் பிரிவோடு ஒப்பிட, அயோடின் தொண்டைத் தெளிப்பு பெற்றவர்களில் நூற்றுக்கு 24 பேரும், மலேரியா மருந்து உண்டவர்களில் 21 பேரும் குறைவாகவே தொற்றுக்கு ஆளாயினர். பின்னர் 2021ல் உலகச் சுகாதார நிறுவனம் பல சோதனைகளைத் தொகுத்து நோக்கி, அம்மலேரியா மருந்தைத் தடுப்புக்குப் பயன்படுத்த வேண்டாம் என்றது. அறிவு இப்படித்தான் ஒரு சோதனையை மற்றொன்றால் திருத்திக்கொண்டு வளர்கிறது.

அறக்காவலின் இரு முகங்களும் இங்கே தெரிகின்றன. பாதிப்பேருக்கு மேல் ஆறு வாரத்தில் தொற்றிய நோய்க்கு, ஆறு மாதம் ஆலோசிக்கும் குழுவால் பயனில்லை. தாமதமும் ஒரு தீங்கே. மறுபுறம், வாசலுக்கு வெளியே காலெடுத்து வைக்க இயலாதவன், வேலையும் உறைவிடமும் முதலாளியின் கையில் இருப்பவன், "வேண்டாம்" என்று அச்சமின்றிச் சொல்வானா? இக்கேள்வியைக் கேட்பதற்கு ஆராய்ச்சியாளரைத் தவிர இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரே அறநெறிக் குழு.

குறைகள் எவை?

முதலாவது, குழு பார்ப்பது பெரும்பாலும் காகிதத்தையே. தொடங்குமுன் ஊன்றிப் படிக்கும் குழு, தொடங்கிய பின் நேரில் சென்று பார்ப்பது அரிது. இரண்டாவது, பல பக்கப் படிவம் சட்ட மொழியில் அமைந்தால், அது நிறுவனத்தைக் காக்குமே அல்லாமல் கையெழுத்திடுபவனைக் காக்காது. மூன்றாவது, மருந்துக்கு வகுத்த அளவுகோல் எல்லா ஆய்வுக்கும் பொருந்தாது. செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்த முதியவர் ஒருவரிடம் பழைய வாழ்க்கையைக் கேட்க வரும் மாணவரை எண்ணிப் பாருங்கள். உற்சாகமாகப் பேச வந்த முதியவர் படிவத்தைக் கண்டதும் தயங்குவார். பெயரை மறைக்க வேண்டும் என்ற விதியோ, வரலாற்றில் இடம்பெற வேண்டிய அவர் பெயரையே அழித்துவிடும்.

செய்யத்தக்கது

ஆபத்தின் அளவுக்கு ஏற்பச் சோதிப்பதே தக்க வழி. தீங்கற்ற ஆய்வுகளை விரைந்து அனுப்பும் முறை சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் இப்போதே உண்டு. அதனால் மிச்சமாகும் நேரத்தை, மறுக்கத் தயங்குவோரிடம் நடக்கும் ஆராய்ச்சிகளுக்குச் செலவிடலாம். தமிழ்த் தொழிலாளிக்குத் தமிழிலேயே வாய்மொழியாக விளக்க வேண்டும். முதலாளியோ விடுதி மேலாளரோ அருகில் இல்லாதபோது சம்மதம் கேட்க வேண்டும். மறுத்தால் எதுவும் குறையாது என்பதை முதலிலேயே சொல்ல வேண்டும். இவை நடந்தனவா என்று குழுவினரில் ஒருவர் நேரில் சென்று பார்த்தால், படிவத்தின் பக்கங்கள் பாதியாகக் குறைந்தாலும் கேடில்லை.