கேட்குமுன் சொல்ல வேண்டிய வார்த்தை

அமெரிக்காவின் ஒக்லஹோமா மாகாணத்தைச் சேர்ந்த ஈடித் ஹெல்ம் என்னும் பெண், சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, தன்னோடு ஒரே கருவில் உருவான இரட்டைச் சகோதரி வாண்டா மனமுவந்து அளித்த சிறுநீரகத்தை, 1956ஆம் வருஷம் மே மாதத்தில் பாஸ்டன் நகரத்துப் பீட்டர் பென்ட் பிரிகாம் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜோசப் மர்ரேயின் சிகிச்சையால் பெற்றுக்கொண்டபோது அவளுக்கு வயது 21. பெண் பிழைத்தால் போதும் என்பதற்கு மேல் யாரும் ஆசைப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு வருஷம் நிறையுமுன்பே, 1958 மார்ச்சில், அவள் ஓர் ஆண் மகவைப் பெற்றாள். மாற்றுச் சிறுநீரகத்தோடு ஒரு பெண் தாயானாள் என்று வைத்திய சாஸ்திரம் முதன்முதலில் பதிந்துகொண்டது அப்போதுதான். அந்தத் தாய் 2011 வரையில் ஜீவித்திருந்தாள்.

ஈடித்துக்குக் கிடைத்த ஒரு பாக்கியம் மற்றவர்களுக்குக் கிடைப்பதில்லை. ஒரே கருவில் உதித்த சகோதரியின் உறுப்பாதலால் அவளுடைய தேகம் அதை அந்நியமென்று விலக்கவில்லை. ஏனையோர் பெறுகின்ற சிறுநீரகத்தை அவரவர் உடம்பு ஏற்றுக்கொண்டு நிலைத்திருக்க வேண்டுமானால், உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கிவைக்கும் மருந்துகளை வேளை தவறாமல் உட்கொண்டுதான் ஆகவேண்டும். பிள்ளைப்பேற்றைப் பற்றிய சிந்தனை அந்த மருந்துப் பெட்டியிலிருந்தே தொடங்குகிறது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் நம் தேசத்தில் வெற்றிகரமாகத் தொடங்கிய சிறுநீரக மாற்றுச் சிகிச்சை, இன்று அரசாங்கத்தின் காப்பீட்டுத் திட்டத்தின் உதவியால் சாதாரணக் குடும்பத்து இளம் மனைவியருக்கும் எட்டியிருக்கிறது. டயாலிசிஸ் காலத்தில் மாதவிலக்கு ஒழுங்கு தவறி, சிலருக்கு அடியோடு நின்றும் போய்விடுவதால், தனக்கு இனிக் குழந்தை இல்லை என்று பெண் தீர்மானித்துவிடுகிறாள். ஆனால் புதிய சிறுநீரகம் வேலை செய்யத் தொடங்கிய ஓரிரண்டு மாதங்களிலேயே கருத்தரிக்கும் சக்தி திரும்பிவிடக்கூடும். மருந்துகளின் அளவு உச்சத்தில் இருப்பதும், உடம்பு உறுப்பை நிராகரிக்கும் அபாயம் மிகுந்திருப்பதும் அதே மாதங்கள்தாம். ஆகவே குழந்தையைப் பற்றிய பேச்சு, அவள் குழந்தை வேண்டுமென்று கேட்கிற அன்றைக்குத் தொடங்குவதன்று. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே தொடங்க வேண்டியது என்பது என் திடமான அபிப்பிராயம். ரூபெல்லா போன்ற நோய்களுக்கான உயிருள்ள தடுப்பூசிகளைச் சிகிச்சைக்குப் பின் போடக் கூடாதாகையால், அந்த ஒரு காரணத்துக்காகவேனும் முன்கூட்டிப் பேசித்தான் ஆகவேண்டும்.

எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளில் மைக்கோஃபினோலேட் என்னும் மாத்திரையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். காலையும் மாலையும் இதை விழுங்குகிற பெண் கருவுற்றால் கரு சிதையலாம். சிதையாமல் வளர்ந்த சிசுவுக்குச் செவி குறைபட்டோ, உதடும் அண்ணமும் பிளந்தோ, இருதயம் பழுதுபட்டோ போகலாம். ஆதலால் கருத்தரிக்க முயல்வதற்கு ஆறு வாரமேனும் முன்பாக இதை நிறுத்தி, இதன் ஸ்தானத்தில் அசத்தயோபிரினைக் கொடுத்து, சிறுநீரகம் அந்த மாறுதலைப் பொறுத்துக்கொள்கிறதா என்று கவனிக்கிறார்கள். ரத்தக் கொதிப்புக்குத் தருகிற எனலாப்ரில், லோசார்ட்டன் போன்றவற்றையும் மாற்ற வேண்டும். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மற்ற மருந்துகளான டேக்ரோலிமஸும் பிரெட்னிசலோனும் தொடரலாம். இதைச் சொல்வாரில்லாதபோது இரண்டு விதமான விபரீதம் நேர்கிறது. ஒருத்தி கருவுற்றதை அறியாமலே பழைய மாத்திரையை விழுங்கிக்கொண்டிருக்கிறாள். மற்றொருத்தி, நாள் தள்ளிப்போன அன்றே பயந்துபோய், பிள்ளைக்கு ஆகாதென்று எல்லா மருந்தையும் தானாகவே நிறுத்திவிட்டு, சிறுநீரகத்தையும் சேர்த்து இழக்கிறாள். இரண்டாமவளின் துயரம் எனக்கு அதிகம் வலிக்கிறது. ஏனெனில் அவள் அதைச் செய்தது தாயன்பினால்.

எவ்வளவு காலம் காத்திருப்பது? சிகிச்சைக்குப் பின் ஒரு வருஷமாவது என்று அமெரிக்க வல்லுநர்கள் 2005இல் கூறினார்கள். ஐரோப்பிய நெறிமுறை இரண்டு வருஷம் என்றது. நாளைக் காட்டிலும் நிலைமையே பிரதானம்: சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தக் கிரியாட்டினின் அளவு டெசிலிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்குள் அடங்கியிருக்க வேண்டும், சிறுநீரில் புரதம் மிகுதியாகக் கழியக் கூடாது, கடந்த ஒரு வருஷத்தில் உடம்பு உறுப்பை நிராகரித்த குறி தென்பட்டிருக்கக் கூடாது.

நம் ஊர் ஆலோசனை அறையில் இத்தனையையும் கேட்டுக்கொள்ள வந்து உட்காருபவர்கள் பெரும்பாலும் நால்வர். சிறுநீரகம் கொடுத்தவள் பல குடும்பங்களில் பெண்ணைப் பெற்ற தாயே. “என் கிட்னியைக் கொடுத்து இவளை மீட்டிருக்கிறேன், எனக்குப் பேரன் பேத்தி வேண்டாம், இவள் இருந்தால் போதும்” என்று அவள் கண் கலங்குகிறாள். வம்சம் விளங்க வேண்டாமா என்னும் கேள்வியை வாய்விட்டுக் கேட்காமல் மாமியார் முகத்திலேயே வைத்திருக்கிறாள். கணவன் தரையைப் பார்க்கிறான். தாய், மாமியார் இருவரிடமும் கடன்பட்டவளாய், வாய் திறந்தால் யாருக்கு நன்றி கெட்டவள் ஆவோமோ என்று மருகி, நடுவே மௌனமாக இருப்பவள்தான் நோயாளி. அனுபவமுள்ள டாக்டர் அந்த மூவரையும் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, “நீ என்னம்மா நினைக்கிறாய்?” என்று அவளைத் தனியே கேட்கிறார். அந்தக் கேள்விக்கு விடையாக வருகிற முதல் வார்த்தை, அநேகமாக, “கர்ப்பப்பை பெரிதானால் கிட்னி நசுங்கிவிடாதா டாக்டர்?” என்பதுதான். அடிவயிற்றின் ஓரத்தில், தழும்பின் கீழே, புதிய சிறுநீரகம் இருக்கும் இடத்தை அவள் கையைக்கொண்டே தொட்டுக் காட்டி, வளரும் கருப்பை சாதாரணமாக அதை நசுக்குவதில்லை என்றும், அது அங்கே இருக்கிறது என்ற ஒரு காரணத்துக்காக மட்டும் பிரசவத்தில் வயிற்றைக் கீற வேண்டியதில்லை என்றும் அவர் விளக்கும்போது, பல மாதத்துப் பயம் ஒன்று இறங்குகிறது.

ஆனால் பயத்தைப் போக்குவதோடு நின்றுவிட்டால் அது முழு ஆலோசனை ஆகாது. 4700க்கு மேற்பட்ட கர்ப்பங்களைத் தொகுத்து ஆராய்ந்து 2011இல் வெளியான கணக்குப்படி, நூற்றுக்குச் சுமார் 73 கர்ப்பங்கள் உயிருள்ள குழந்தையில் முடிந்தன. 27 பேருக்கு ரத்தக் கொதிப்பு ஏறிச் சிறுநீரில் புரதம் கழியும் கர்ப்பகால நோய் கண்டது. பாதிக்கு மேல் சிசேரியன். பல குழந்தைகள் நாள் நிறையுமுன் பிறந்தன, சராசரி எடை இரண்டரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ரத்தத்தில் டேக்ரோலிமஸ் அளவு கர்ப்பத்தில் குறைவதால் அடிக்கடி பரிசோதித்து மருந்தைக் கூட்ட வேண்டியிருக்கும். பரம்பரையாக வரும் நீர்க்கட்டி நோயால் சிறுநீரகம் கெட்டிருந்தால், பிள்ளைக்கும் அது வரச் சரிபாதி வாய்ப்புண்டு என்பதை மறைக்கலாகாது. கிரியாட்டினின் ஏறியிருக்கும் பெண்ணிடம், கர்ப்பத்தினால் சிறுநீரகமே போய்விடக்கூடும் என்றும், தத்தெடுத்தலும் ஒரு வழியே என்றும் மென்மையாக, ஆனால் ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். எல்லாம் கேட்ட பிறகு அவள் சரியென்றாலும் வேண்டாமென்றாலும், அந்த முடிவு அவளுடையது.

ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பும் நாளில் அவள் கையில் மருந்து அட்டவணை ஒன்றைக் கொடுக்கிறார்களே, அதன் தலைப்பிலேயே மூன்று வரிகளை அவளுடைய தாய்மொழியில் அச்சிட்டுக் கொடுக்கலாம்: கருத்தரிக்கும் சக்தி விரைவில் திரும்பும், டாக்டர் சொல்லும் வரை கருத்தடை அவசியம், நாள் தள்ளிப்போனால் மருந்தை நிறுத்தாமல் அன்றே எங்களிடம் வரவும்.