அறிவுக்கும் வேலி உண்டு

எங்கள் அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது. ஒருநாள் சந்தையிலிருந்து மூட்டுவலித் தைலம் வாங்கி வந்தார். வழக்கமான பச்சை அட்டை, வழக்கமான மான் படம். பெயரில் மட்டும் ஓரெழுத்து வேறு. இரவு தேய்த்துக்கொண்டு படுத்தவருக்கு விடிந்ததும் முழங்கால் முழுவதும் கொப்புளம். கடைக்காரரிடம் கேட்டேன். "தம்பி, ஒங்க அப்பத்தாதானே அட்டையப் பாத்து எடுத்தாக!" என்றார். வணிகவியல் பயிலும் எனக்கு அன்று மறுமொழி சொல்லத் தெரியவில்லை. அதைத் தேடிப் படித்ததன் பயனே இக்கட்டுரை.

வயலுக்கு வேலி இருப்பதுபோல் அறிவின் விளைச்சலுக்கும் சட்டம் வேலி இடுகிறது. புதிய கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை. அதன் ஆயுள் 20 ஆண்டுகள். பொருளின் கண்கவர் தோற்றத்துக்கு வடிவமைப்புப் பதிவு. முதலில் 10 ஆண்டுகள், பின்னர் மேலும் 5 ஆண்டுகள். பொருளை இன்னாருடையது என்று காட்டுவது வணிகச் சின்னம்; அதை 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்து என்றென்றும் காக்கலாம். வேலியைத் தாண்டியவர் மீது வழக்குத் தொடுத்துத் தடையாணையும் இழப்பீடும் கேட்கலாம்.

முதலில் சின்னத்தைக் காண்போம். பார்லே நிறுவனத்தின் குளுக்கோ பிஸ்கட் உறையில் பண்ணை வீடு, மரங்கள், பசுக்கள், கோழிகள், நடுவே வாளி ஏந்திய ஒரு பெண். மைசூரைச் சேர்ந்த மற்றொரு நிறுவனத்தின் உறையிலும் இவை யாவும் இருந்தன. ஆனால் அந்தப் பெண்ணின் தலையில் வைக்கோல் கட்டு, கையில் அரிவாள். வேறுபாடுகள் உண்டு என்று கீழ் நீதிமன்றங்கள் வழக்கைத் தள்ளின. 1972இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. வாங்குவோர் இரண்டு உறைகளையும் அருகருகே வைத்து ஆராய்வதில்லை. முன்பு கண்டதன் மங்கலான நினைவோடுதான் கடைக்கு வருகிறார்கள். மொத்தத் தோற்றம் அவர்களை ஏமாற்றுமா என்பதே கேள்வி என்றது மன்றம். இதைப் படித்தபோது என் அப்பத்தாவே எனக்கு நினைவுக்கு வந்தார்.

அடுத்தது காப்புரிமை. இங்கே வழக்குத் தொடுத்தவரே வேலியை இழப்பதும் உண்டு. கடைசல் இயந்திரத்தில் பாத்திரத்தைப் பிடித்து நிறுத்தும் ஒரு முறைக்கு மிர்சாப்பூர் நிறுவனம் ஒன்று காப்புரிமை பெற்றிருந்தது. அதனை மீறியதாக வழக்கு நடந்தது. எதிர்வாதியோ, "இதில் புதுமையே இல்லை" என்று வாதிட்டார். 1978இல் உச்சநீதிமன்றம் அதனை ஏற்றது. தொழில் தெரிந்த எவரும் செய்யக்கூடிய பட்டறைத் திருத்தம் கண்டுபிடிப்பு ஆகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

உயிரே பணயமாக நின்ற வழக்கும் உண்டு. குருதிப் புற்றுநோய்க்கான கிளிவெக் மருந்தின் ஒரு படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கோரியது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. தெரிந்த பொருளின் புதிய வடிவம் கூடுதல் பயன் தராவிட்டால் காப்புரிமை இல்லை என்கிறது சட்டத்தின் 3(டி) பிரிவு. அப்பிரிவையே எதிர்த்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007இல் தள்ளியது. புதிய வடிவம் உடலில் கூடுதலாகச் சேருகிறது என்ற வாதம் உச்சநீதிமன்றம் வரை சென்றது. உடலில் சேர்ந்தால் மட்டும் போதாது, நோயைத் தீர்க்கும் ஆற்றல் கூடியிருக்க வேண்டும் என்று 2013 ஏப்ரல் 1 அன்று தீர்ப்பாயிற்று. அந்நாளில் அம்மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் மருந்துக்குச் சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். கூலித் தொழிலாளியின் குடும்பத்துக்கு இவ்வேறுபாடு எத்தகையது என்று சொல்லவும் வேண்டுமோ! எனினும் சிறுசிறு முன்னேற்றம் எதற்குமே காப்புரிமை கிடையாது என்று மன்றம் கூறவில்லை. உழைத்துக் கண்டவனுக்கும் ஊதியம் வேண்டுமன்றோ?

வடிவமைப்பு வழக்குகளில் கண்ணே நீதிபதி. கண்ணாடித் தகட்டில் வைர வடிவக் கோலம் பதித்ததற்கான பதிவை நீக்கக் கோரினர். கோலத்தைப் பதிக்கும் உருளை முன்பே இருந்தது என்பது வாதம். ஆனால் கண்ணாடியில் அக்கோலம் புதியதே என்று 2008இல் உச்சநீதிமன்றம் பதிவைக் காத்தது.

ஆக, வேலி உழைத்தவனைக் காக்க வேண்டும். ஊரார் நடக்கும் பொதுப்பாதையை அடைக்கக் கூடாது. இந்த நடுநிலையைத்தான் நீதிமன்றங்கள் தேடுகின்றன.

அந்தக் கடைக்காரருக்கு இன்று என்னிடம் மறுமொழி உண்டு. "அண்ணாச்சி, அட்டையைப் பார்த்து எடுத்தது அப்பத்தாவின் குற்றமன்று. அவரைப் போன்றவர் அட்டையைப் பார்த்துத்தான் எடுப்பார் என்று சட்டத்துக்கே தெரியும்!"