பாய்ப்படகின் சுக்கான் சக்கரத்தைப் புதுக்குதல்

சென்னைக்கு வடக்கே எண்ணூரில், கொசத்தலையாறு கடலொடு கலக்குமிடத்தே நெட்டுக்குப்பம் என்னும் மீனவர் ஊர் உளது. ஆற்றின் முகத்துவாரத்தில் மணல் திரண்டு மேடிடுவதும், அம்மேட்டின்மீது அலைகள் மடிந்து உடைவதும் அவ்விடத்து இயல்பு. அவ்வழியே கரைநோக்கி வருவோன் தன் படகை அலைக்கு நேராகவே வைத்துக்கொள்ளல் வேண்டும். கணநேரம் தவறிப் படகு அலைக்குக் குறுக்காகத் திரும்புமாயின், அது கவிழ்தற்கு வேறு காரணம் வேண்டா. திசை திருப்புங் கருவி கைக்கு உடனே பணிதல் வேண்டும் என்பதன் பொருளை இங்கே நன்கு உணரலாம்.

கட்டுமரத்தில் சென்றோர் துடுப்பினாலேயே திசை திருத்தினர். இக்காலத்துக் கண்ணாடியிழைப் படகுகளில், பின்புறம் பூட்டிய இயந்திரத்தின் பிடியே அவ்வேலையைச் செய்கின்றது. இரண்டிலும் கைக்கும் நீருக்கும் இடையே மறைவாக நிற்பது ஒன்றுமில்லை. கை அசைந்த அளவிற்கு அதுவும் அசையும். பழுதுற்றால் கண்ணுக்குப் புலனாகும். பெரிய பாய்ப்படகின் செய்தியோ வேறு. அங்கே சக்கரத்தைப் பிடித்து நிற்பவனுக்கும் நீரினுள் திரும்புஞ் சுக்கானுக்கும் இடையே பத்துப் பன்னிரண்டு உறுப்புகள் மறைந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று முறிந்தாலும் சக்கரம் வெறும் அலங்காரமாய்விடும்.

அங்ஙனமாயின் சக்கரம் எதற்கு என்று வினவலாம். சுக்கான்மீது நீர் செலுத்தும் அழுத்தம் படகின் வேகத்தின் வர்க்கத்திற்கு ஒத்து வளர்வது. வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்மடங்காகும். சிறு படகிற்கு ஒரு நீண்ட மரப்பிடி போதும். சென்னைத் துறைமுகத்தில் 1911-ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற சங்கங்களின் சிறு பந்தயப் படகுகள் அத்தகைய பிடியாலேயே திருப்பப்படுவன. பெருங் கலத்திற்கோ அப்பிடி தாங்கொணா நீளமுடையதாதல் வேண்டும். ஆகலின், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேயர் கப்பல்களில் சக்கரம் வழக்கிற்கு வந்தது. சுக்கான் இருபுறமும் 35 பாகை வீதம் 70 பாகை திரும்புதற்குச் சக்கரம் இருமுறை முழுதுஞ் சுழலுமாயின், அஃது 720 பாகையாகும். எனவே கையின் வலிமை ஏறக்குறையப் பத்து மடங்காகப் பெருகுகின்றது.

பழைய பாய்ப்படகுகளில் இவ்வேற்பாடு பெரும்பாலும் இருவகைப்படும். முதலாவது கம்பிவட முறை. சக்கரத்தின் அச்சிலுள்ள பற்சக்கரத்தின்மேல் ஒரு சங்கிலி கிடக்கும். அதன் இரு முனைகளிலும் பூட்டிய கம்பிவடங்கள் கப்பிகளைச் சுற்றிச் சென்று, சுக்கானின் அச்சிற் பொருத்திய கால்வட்டத் தகட்டை இப்புறமும் அப்புறமும் இழுக்கும். இரண்டாவது திருகு முறை. சக்கரத்தோடு சுழலும் நீண்ட திருகொன்றில் வலமுறை மரையும் இடமுறை மரையும் வெட்டப்பட்டிருக்கும். அவற்றில் ஓடும் இரு மரைக்கட்டைகள் எதிரெதிராக நகர்ந்து சுக்கானின் அச்சைத் திருப்பும். முதல் முறையில் நீரின் தன்மையைக் கை உணரும், இரண்டாவதில் உணராது. ஆனால் சக்கரத்தை விட்டுவிட்டாலும் சுக்கான் நிறுத்திய நிலையிலேயே நிற்கும்.

புதுக்கும் வேலையில் முதற் கருமம் கழற்றுவதன்று, காண்பதேயாம். ஒருவர் சக்கரத்தை மெல்ல இப்படியும் அப்படியும் அசைக்க, மற்றொருவர் பின்னறையில் விளக்கோடு அமர்ந்து ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்து வருதல் வேண்டும். சக்கரம் அசைந்தும் அடுத்த உறுப்பு அசையாது நிற்குமிடமே பழுதின் இருப்பிடம். இதனைத் தொழிலாளர் ‘ஆட்டம்’ என்பர். சக்கரத்தை அச்சோடு பிணைக்கும் சிறு எஃகுத் துண்டு தேய்ந்திருக்கலாம். கால்வட்டத் தகட்டின் மரையாணி தளர்ந்திருக்கலாம். கப்பியின் ஊசி தேய்ந்திருக்கலாம். கப்பியைத் தாங்கும் பலகையே உளுத்திருக்கலாம். இதனை ஆராயாமல் கம்பியை மட்டும் முறுக்குதல் நோயறியாது மருந்து கொடுத்தலை ஒக்கும்.

அடுத்து, சுக்கானை அசையாது கட்டி, ஒவ்வோர் உறுப்பிற்கும் அடையாளமிட்டுக் கழற்றுக. உப்பினால் இறுகிய மரைகளில் எண்ணெய் ஊற்றி ஒருநாள் விட்டு வைத்தல் நன்று. அச்சின்மீது சம்மட்டியால் அடித்தல் தகாது. அடித்தே தீரவேண்டின் இடையே மரக்கட்டை வைக்க. அலுமினியத்தினுள் துருப்பிடியா எஃகு ஆணி இருக்குமிடங்களில், உப்புநீர் ஈரம் பட்டு அலுமினியம் வெண்பொடியாய் அரிக்கப்பட்டிருக்கும். மீளப் பூட்டுங்கால் அவற்றிடையே தடுப்புப் பூச்சிடல் இன்றியமையாதது. மெழுகுபோல் இறுகிய பழைய கிரீஸை மண்ணெண்ணெயிற் கழுவி நீக்கிய பின்னரே புதியது இடல் வேண்டும்.

கம்பிவடம் ஏழு புரிகளும், புரிக்குப் பத்தொன்பது இழைகளுமாக 133 இழைகள் கொண்டது. வளைந்து கொடுத்தற்கே இத்துணை நுண்மை. கப்பியைச் சுற்றுமிடத்தில்தான் இழைகள் முதலில் அறும். கம்பியின்மேல் ஒரு துணியை ஓட்டுக. அறுந்த இழை துணியைப் பற்றும். வெறுங்கையை ஓட்டின் கையைக் கிழிக்கும். ஓரிழை அறுந்திருப்பினும் இருபக்கத்துக் கம்பிகளையும் மாற்றிவிடுதலே அறிவுடைமை. புதுக்கம்பியை, சக்கரத்தைக் கட்டிய பின் கால்வட்டத் தகட்டைக் கையால் அசைக்க இயலாத அளவிற்கு இறுக்குக. அதற்கு மேலும் இறுக்கினால் உராய்வு மிகுந்து, கையின் உணர்ச்சி மழுங்கும்.

திருகு முறையில் ஒரு நுட்பம் உண்டு. படகு பெரும்பாலும் நேரே செல்வதால், திருகின் நடுப்பகுதியே மிகத் தேயும். முனைகள் புதியனபோல் இருக்கும். நடுவிலுள்ள ஆட்டத்தைப் போக்க மரைக்கட்டையை இறுக்கினால், முனைகளில் அது சிக்கிக்கொள்ளும். எனவே தேய்வு மிகின், புதுத் திருகு கடைவித்தலே நேர்வழி.

எல்லாம் பூட்டிய பின், துறையிலேயே இருபுறமும் முழுதுந் திருப்பிப் பார்த்தல் வேண்டும். சுக்கானின் வீச்சைத் தடுத்து நிறுத்தும் தடைக்கட்டைகள் உறுதியாயிருத்தல் வேண்டும். படகு பின்னோக்கிச் செல்லுங்கால் நீர் சுக்கானை மூர்க்கமாய்த் திருப்ப முயலும். இறுதியாக, ஆபத்துக்காலப் பிடியைச் சுக்கானின் தலையிற் பொருத்தி ஒருமுறை செலுத்திப் பார்த்தல் வேண்டும். பல படகுகளில் இப்பிடி பெட்டிக்கடியில் கிடக்கும். வேண்டியபோது எடுத்தால் பொருந்தாது.

இது வீண் அச்சமன்று. ஆறு பெண் அதிகாரிகளைக் கொண்டு, 2017 செப்டம்பர் 10-ஆம் நாள் கோவாவினின்று உலகைச் சுற்றப் புறப்பட்ட இந்தியக் கடற்படையின் ‘தாரிணி’ என்னும் பாய்ப்படகு அவ்வாண்டு பிப்ரவரியிலேதான் கடற்படையிற் சேர்ந்தது. தென்கடலின் பெருங் காற்றுகளைக் கடந்து திரும்புங்கால், சுக்கான் இயந்திரம் பழுதுற்றமையால் மொரீஷியஸ் தீவின் போர்ட் லூயித் துறையில் ஒதுங்கிச் செப்பனிட்டுக்கொள்ள நேர்ந்தது. 2018 மே 21-ஆம் நாள் அறுவரும் நலமே கோவா சேர்ந்தனர். புதுப்படகிற்கே இஃது நேருமாயின், முப்பது நாற்பது ஆண்டு உப்புக்காற்றில் நின்ற படகைப்பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

சக்கரத்திற்கு மெருகிடுவோர் பலர். பின்னறையில் விளக்கேந்திக் குனிவோர் சிலர். நெட்டுக்குப்பத்து முகத்துவாரம் போன்ற இடத்தில் அலை எழுங்கால், படகிலுள்ளோர் உயிர் அம்மெருகினாற் காக்கப்படுவதில்லை. ஒருவரும் காணாத ஒரு கப்பியும், அதனை உரிய காலத்திற் பார்த்து வைத்த ஒரு கையுமே அவர்களைக் கரை சேர்ப்பன.